ஏற்றுக்கொள்ளும் ஒருவர்

தன்பாலின ஈர்ப்புள்ள பிள்ளையை ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. அது நோயே இல்லை. அத்தகைய சிகிச்சைகளைத் தடை செய்யச் சொல்லி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அந்த உத்தரவுக்கு முன் தாமே ஓர் உளவியலாளரிடம் பேசிப் புரிந்துகொண்டார். எவ்வளவு பெரிய மனசு! பெற்றோரால் முடியாதா?

அமெரிக்காவின் டிரெவர் புராஜெக்ட் என்ற அமைப்பு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தம்மை ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவராவது இருந்த இத்தகைய இளையோரிடம் தற்கொலை முயற்சி 40 சதவீதம் குறைவு. சித்தியோ வாத்தியாரோ, ஒருவர் போதும்.

பிள்ளை பேச வந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். “சாகணும்போல இருக்கு” என்றால் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம், நள்ளிரவிலும்.