அனுமதிக்குக் காத்திருந்த கருவிகள்



வரவேற்புரையில் சொன்னதையே இன்னொரு முறை சொல்வது தலைமை உரையின் மரபு. அதற்கு இன்று விடுப்புக் கொடுத்துவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அரசின் கட்டுப்பாடு தொலைத்தொடர்பில் புதுமையை வளர்க்கிறதா, முடக்குகிறதா? இதற்கு ஒட்டுமொத்தமாக ஒரு பதில் சொல்வது வீண் வேலை. வளர்த்த விதியும் உண்டு, முடக்கிய விதியும் உண்டு. எப்படிப்பட்ட விதி எதைச் செய்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

நம் நாட்டுத் தொலைத்தொடர்பில் எல்லாவற்றுக்கும் தாய்ச் சட்டமாக இருந்தது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். தந்தி நடத்தும் தனியுரிமை அரசுக்கே இருந்தது. மற்றவர்கள் உரிமம் பெற்றுத்தான் நடத்த வேண்டியிருந்தது. ட்ரங்க் கால், செல்பேசி, இணையம் என்று எது வந்தாலும் அந்தக் குடைக்குள்தான் வந்தது. பொதுமக்களுக்கான தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுபோனது. தந்திச் சட்டமோ அதற்குப் பிறகும் பத்தாண்டு உயிரோடு இருந்தது! புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023 டிசம்பரில்தான் நிறைவேறியது.

அந்தக் குடையின் கீழ் நடந்த ஒரு கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கம்பி இழுக்கும் செலவைக் குறைக்க, கடைசித் தூரத்தை மட்டும் கம்பியில்லாமல் இணைக்கும் முறை 1990களில் வளர்ந்தது. நம் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய ‘கார்டெக்ட்’ இந்த வகைதான். பேச்சும் இணையமும் ஒரே நேரத்தில் கிடைக்கும். கிராமத்துக்குக் கட்டுப்படியாகும் விலையில் இணைப்பு என்பதே அதன் குறிக்கோள். இதே காலத்தில் சிடிஎம்ஏ என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பமும் வந்தது. 2001 ஜனவரியில், தரைவழித் தொலைபேசி உரிமம் வைத்திருந்தவர்களுக்கு ‘வரம்புக்குட்பட்ட நடமாட்டம்’ என்ற பெயரில் அரசு ஓர் அனுமதி கொடுத்தது. கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் ஏறத்தாழ ஒரு தாலுகா அளவுள்ள உள்ளூர்க் கட்டண வட்டத்தைத் தாண்டக் கூடாது. கருவிக்கு ஊர் ஊராகப் போகும் திறமை உண்டு. விதி அதைத் தாலுகா எல்லையில் நிறுத்தியது. பொறியாளர்கள் உட்கார்ந்து, நன்றாக வேலை செய்யும் ஒன்றை வேலை செய்யாமல் ஆக்க வழி தேடினார்கள். பிறகு நிறுவனங்கள், அழைப்பைத் திருப்பிவிடும் வசதியைக் காட்டி அந்த எல்லையைத் தாண்ட வழி தேடின. இரண்டு பக்கமும் செலவான மூளை எத்தனை!

இந்த அனுமதியை எதிர்த்துச் செல்பேசி நிறுவனங்கள் வழக்குக்குப் போனதில் நியாயம் இல்லாமலில்லை. பெரும் பணம் கட்டி உரிமம் எடுத்தவர்கள் அவர்கள். தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம், மறுபடி தீர்ப்பாயம் என்று சுற்றி, 2003 நவம்பரில் இரண்டு சேவைக்கும் சேர்த்து ஒருங்கிணைந்த உரிமம் வந்த பிறகே சண்டை ஓய்ந்தது. கார்டெக்ட் பின்தங்கியதற்கு விதிகளை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். செல்பேசி அவ்வளவு வேகமாக மலிந்துவிட்டது.

அது மலிந்ததற்கும் ஒரு விதிதான் காரணம் என்பதை மறக்கக் கூடாது. 2003 மே முதல் நாள்வரை, வரும் அழைப்புக்கும் நாம்தான் காசு கொடுத்தோம். திரையில் எண்ணைப் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் போட்ட காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அழைப்பவரே கட்டணம் கொடுப்பார் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் மாற்றியது. அழைப்பவர் காசு செலவாகாமல் மணியடிக்கவிட்டுத் துண்டிக்கும் ‘மிஸ்டு கால்’ ஊரறிந்த மொழியானது. அதையே தொழிலாக்கிய பெங்களூர் நிறுவனமான ஜிப்டயலை 2015இல் ட்விட்டர் விலைக்கு வாங்கியது. இப்படியொரு தொழில் பிறக்கும் என்று அந்த விதியை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம் என்று வந்த அரசிதழ் அறிவிப்பும் அப்படித்தான். தலைப்புச் செய்தியாகும் விஷயமல்ல; வீட்டுக்கு வீடு வைஃபை ஓடுவது அதன் பயன்.

கால் சென்டர்களின் கதை இதற்கு நேர்மாறு. ஊழியர் வீட்டிலிருந்து வேலை பார்க்க வேண்டுமானால் நிறுவனம் பெரிய தொகைக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக விதி இருந்தது. கொரோனா வந்ததும், 2020 மார்ச்சில் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நவம்பரில் நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். எந்த ஆபத்தைத் தடுக்க அந்த விதி இருந்தது என்று பிறகு யாரும் கேட்கவில்லை.

எந்தக் கருவி, எந்தக் கம்பி, எங்கே உட்கார்ந்து பேசுகிறாய் என்று கேட்ட விதிகள் முடக்கின. யார் யாருக்குக் கதவு திறக்க வேண்டும், யார் காசு கொடுக்க வேண்டும் என்று தீர்த்துவைத்தவை வளர்த்தன. இது என் கணிப்பு. அதனால்தான், தளத்துக்குத் தளம் வேறு வேறு இணையக் கட்டணம் கூடாது என்று 2016 பிப்ரவரியில் ட்ராய் போட்ட தடையையும் நான் ஆதரிக்கிறேன். நண்பர்கள் சிலர் இதில் என்னோடு ஒத்துப்போவதில்லை. மதியம் சண்டை போடலாம்.

புதிய சட்டம் சோதனை முயற்சிகளுக்கென்று தனிக் களம் அமைக்க இடம் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தக் களத்துக்குள் நுழையவும் அனுமதி வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ஆய்வாளர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கொள்கை ஆவணங்களை மேற்கோள் காட்டுவதோடு நிற்காதீர்கள். விண்ணப்பம் கொடுத்த தேதி, அனுமதி கிடைத்த தேதி, இடையில் கைவிடப்பட்ட முயற்சி இவற்றைத் தேடிச் சேர்த்துக் கட்டுரையில் போடுங்கள். விதி எழுதுகிறவர் மேசைக்கு அந்தக் கணக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் அமர்வைத் தொடங்கலாம்.