ஏழாம் வகுப்பு வயதில் இயேசு

(திருக்குடும்ப விழா, 29.12.2024 ஞாயிறு – வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)

  

இன்று வாசித்த நற்செய்திப் பகுதி நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போன குடும்பம் ஊர் திரும்புகிறது. ஒரு நாள் வழி நடந்த பிறகுதான் பிள்ளையைக் காணோம் என்று தெரிகிறது. உறவினரிடம் தேடுகிறார்கள், அறிமுகமானவர்களிடம் விசாரிக்கிறார்கள், திரும்பவும் எருசலேமுக்கே போகிறார்கள். மூன்றாம் நாள் கோவிலில் கண்டுபிடிக்கிறார்கள். இந்தப் பகுதி வரும்போது மரியாவின் பதற்றத்தைப் பற்றிப் பேசுவோம். வாய் திறவாத யோசேப்பைப் பற்றிப் பேசுவோம். சிறுவனின் ஞானத்தைப் பற்றி நிறையவே பேசுவோம். அந்த இடத்தில் இன்னொரு கூட்டமும் இருந்தது. போதகர்கள். அதாவது, ஆசிரியர்கள். ஆர்.சி. நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிற எங்களுக்கு இந்தப் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் கண் அவர்கள் பக்கம்தான் போகிறது.

லூக்கா வயதைக் குறித்துச் சொல்கிறார்: பன்னிரண்டு. நம் ஊர்க் கணக்கில் ஏழாம் வகுப்பு. கலிலேயாவிலிருந்து வந்த பையன். அந்தப் பக்கத்துப் பேச்சு எருசலேம்காரர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பின்னாளில் பேதுருவைப் பேச்சே காட்டிக்கொடுத்ததல்லவா? தச்சர் வீட்டுப் பிள்ளை. கூடப் பெரியவர்கள் யாரும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு சிறுவன் வந்து உட்காருகிறான், கேட்கிறான், கேள்வி மேல் கேள்வி வைக்கிறான். "நீ யார் வீட்டுப் பையன்? போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று அவனை விரட்டியிருந்தால் இந்த நற்செய்திப் பகுதியே இல்லை. அவர்கள் விரட்டவில்லை. நடுவில் இடம் கொடுத்தார்கள். அவன் பதில் சொன்னான் என்றால், அவர்களும் அவனிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்றுதானே பொருள். அந்த நாள்களில் அவன் எங்கே சாப்பிட்டான், எங்கே தூங்கினான் என்று லூக்கா எழுதவில்லை. யாரோ ஒருவர் சோறு போட்டிருக்க வேண்டும்.

சோறு என்றதும் எங்கள் பள்ளிகளின் காலை நேரம் நினைவுக்கு வருகிறது. 2024 ஜூலையிலிருந்து ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம், காலையில் வெறும் வயிற்றோடு வந்து பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த குழந்தைகளைத் தூக்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அது 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்கு. ஒரே வளாகத்தில் எட்டாம் வகுப்பு வரை இருக்கும் பள்ளியில் என்ன நடக்கும்? மூன்றாம் வகுப்புத் தம்பி தட்டோடு வரிசையில் உட்காருவான். அவனைக் கைபிடித்துக் கூட்டி வந்த ஆறாம் வகுப்பு அக்கா தூணோரம் நிற்பாள். வீட்டில் அம்மா நூறு நாள் வேலைக்கோ பூ பறிக்கவோ விடியலிலேயே போயிருப்பார். மதியச் சத்துணவு மணி அடிக்கும்வரை அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர்தான். அவளுக்குத்தான் முதல் பாடவேளையில் பின்னங்களைக் கற்றுக்கொடுக்கிறோம்.

ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறுக்கு வரும்போது சோறு மட்டும் மாறுவதில்லை. அதுவரை எல்லாப் பாடத்துக்கும் ஒரே டீச்சர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணி அடித்தால் அடுத்தவர். உடம்பும் அதே நேரத்தில் மாறுகிறது. பையனுக்குக் குரல் உடைகிறது. பிரார்த்தனைப் பாடலில் வாயை மட்டும் அசைக்கிறான். பெண் பிள்ளை வயதுக்கு வந்து பதினைந்து நாள் கழித்துப் பள்ளிக்கு வருகிறாள். போகும்போது முன் பெஞ்சில் இருந்தவள் வரும்போது கடைசி பெஞ்சைத் தேடுகிறாள். எங்களை மிகவும் உறுத்துவது இன்னொன்று. மூன்றாம் வகுப்பில் "ஏன் டீச்சர், ஏன் டீச்சர்" என்று சேலையைப் பிடித்து இழுத்த அதே குழந்தை, ஏழாம் வகுப்பில் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. கேட்டால் நண்பர்கள் சிரிப்பார்கள். சில நேரம் ஆசிரியரே சிரிப்பார். நம் ஆண்டவர் இந்த வயதில் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்று வாசிக்கிறோம். நம் பள்ளிகளில் அந்த வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் வாய் திறக்கிறார்கள் என்று ஒரு தலைமையாசிரியர் ஒரு வாரம் வராந்தாவில் நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

வாசிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய அரசு தன் பள்ளிகளில் 5, 8ஆம் வகுப்புத் தேர்வில் தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று 2024 டிசம்பரில் விதியை மாற்றியது. தமிழ்நாட்டில் எட்டு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்ற முறையே தொடரும் என்று நம் பள்ளிக் கல்வி அமைச்சர் அப்போது அறிவித்தார். எங்களைக் கேட்டால் அதுவே சரி. நிறுத்தி வைத்த பிள்ளை படித்ததைவிட நின்றுபோனதுதான் அதிகம். ஆனால் நிறுத்தாமல் விட்டால் மட்டும் போதுமா? ஏழாம் வகுப்பில் தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் நம் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். வகுப்பில் அதிகம் சத்தம் போடுகிறவன், பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறவன், அடிக்கடி ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிறவன் – பல நேரம் அவனுக்கு வாசிக்க வராது. தன் முறை வருவதற்குள் வகுப்பைக் கலைத்துவிட வேண்டும் என்பதுதான் அவன் திட்டம். அவனைக் குறும்புக்காரன் என்று வெளியே நிறுத்தினால் அவன் நினைத்தது நடந்துவிட்டது.

ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித தெ லா சால் இந்த இடத்தில்தான் நமக்கு நெருக்கமாகிறார். 1651இல் பிரான்சு நாட்டின் ரீம்ஸ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பேராலயத்தில் கௌரவமான கானன் பதவி. கைத்தொழிலாளர்களின், ஏழைகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த வந்த ஆசிரியர்கள் ஒருநாள் அவரிடமே கேட்டார்களாம்: உங்களுக்குச் சொத்து இருக்கிறது, எங்களுக்கு நாளைக்கு என்ன இருக்கிறது என்று. 1683இல் அவர் அந்தப் பதவியை விட்டார். அடுத்து வந்த பஞ்சத்தில் தன் சொத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்தார். பிறகு ஆசிரியரோடு ஆசிரியராக வாழ்ந்தார். அவர் செய்த ஒரு காரியம் அந்தக் காலத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை. லத்தீனில் வாசிக்கக் கற்றுத்தருவதே வழக்கமாக இருந்தபோது, பிள்ளைகளுக்குத் தாய்மொழியான பிரெஞ்சிலேயே முதலில் வாசிப்பைத் தொடங்கினார். சில ஆண்டுகளே பள்ளியில் இருக்கப்போகிற பிள்ளை, பேசத் தெரிந்த மொழியிலாவது வாசித்துவிட்டுப் போகட்டும் என்ற கணக்கு அது. பக்கத்து ஊரில் ஆங்கில வழிப் பள்ளி வந்துவிட்டது, அதனால் நாமும் பெயர்ப்பலகையை மாற்றினால்தான் பிள்ளைகள் சேருவார்கள் என்று பேசுகிற நம் நிர்வாகக் கூட்டங்களில் இந்தப் புனிதரையும் கொஞ்சம் உட்கார வைக்கலாம். 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

இனி, பிரம்பு. பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பா சொல்வார்: "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்." மரியாதைக்காகச் சொல்கிற வார்த்தைதான், உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டேன் என்று பொருள். ஆனால் அந்த வார்த்தை நடக்கும்போது அந்தப் பையனும் பக்கத்தில் நிற்கிறான், கேட்கிறான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்த பிறகு பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது, நாக்கு போகவில்லை. "உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு", "உங்க அப்பன் மாதிரிதான் நீயும்" – இவை பிரம்பைவிட ஆழமாக இறங்கும். பன்னிரண்டு வயதில் கேட்ட ஒரு வார்த்தையை நாற்பது வயதில் அப்படியே திருப்பிச் சொல்கிறவர்கள் இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

மரியாவைப் பாருங்கள். மூன்று நாள் தூக்கமில்லாமல் தேடிய தாய். எந்தத் தாய்க்கும் கை ஓங்கத் தோன்றும். அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: மகனே, ஏன் இப்படிச் செய்தாய் என்று. தன் வேதனையையும் மறைக்கவில்லை. உன் அப்பாவும் நானும் எவ்வளவு தவித்தோம் என்கிறார். மகன் சொன்ன பதில் அவர்களுக்குப் புரியவும் இல்லை. லூக்கா அதை ஒளிக்காமல் எழுதுகிறார். அமல உற்பவிக்கே தன் பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொன்னது புரியவில்லை என்றால், நமக்கு உடனே புரிய வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? அவர் அதை மனதில் வைத்துக்கொண்டார். பையனும் அவர்களோடு நாசரேத்துக்குப் போனான், பணிந்து நடந்தான்.

சகோதரர்களே, சகோதரிகளே, இதைச் சொல்லாமல் இன்றைய உரையை முடிக்க முடியாது. ஆறாம், ஏழாம் வகுப்பில்தான் நம் பிள்ளைகளின் கையில் வண்ணக் கயிறு ஏறுகிறது. அதுவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்களுக்கு, யார் எந்தத் தெரு என்று யாரோ சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அரசு அமைத்த குழுவாக ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தார். கயிற்றை அறுக்க ஒரு கத்தரிக்கோல் போதும். பிறகு அந்தப் பிள்ளை ஞாயிறன்று நம்மோடு பூசைக்கு வருகிறது. தேர் எந்தத் தெரு வரை போகிறது, எந்தத் தெருவுக்குத் திரும்புவதில்லை என்று பார்க்கிறது. கல்லறைத் தோட்டத்தில் நடுவே நிற்கும் சுவரைப் பார்க்கிறது. எல்லாப் பங்கிலும் இப்படி இல்லை. இருக்கிற பங்குகளுக்குத் தெரியும். திங்கட்கிழமை அதே பிள்ளைக்கு நாங்கள் சமத்துவம் பற்றி எப்படிப் பாடம் நடத்துவது? பன்னிரண்டு வயதுக்கு இந்த முரண் நன்றாகவே தெரியும். கேட்க மாட்டான், அவ்வளவுதான்.

எங்கள் வகுப்புகளில் இருப்பவர்களில் பலர் கத்தோலிக்கர் அல்லர். அவர்களுக்கு நன்னெறி வகுப்பு, நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. அரசு உதவிபெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் சமயப் பாடத்தில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு சொல்கிறது. நமக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை. ஒரு முத்தாரம்மன் கோவில் தெருப் பிள்ளை எட்டு வருடம் நம்மிடம் இருந்துவிட்டுப் போகும்போது, தன்னை இங்கே யாரும் மட்டம் தட்டவில்லை என்று வீட்டில் சொன்னால், நற்செய்தியில் ஒரு பங்கு அந்தத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எட்டாம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அடுத்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். பேருந்து உண்டா, துணைக்கு யார் என்று வீட்டில் யோசிப்பார்கள். சில பெண் பிள்ளைகளின் படிப்பு அந்த யோசனையிலேயே நின்றுவிடுகிறது. மே மாதத்தில் சான்றிதழ் வாங்க வராத வீடுகளின் பட்டியல் தலைமையாசிரியரிடம் இருக்கும். அன்பியக் கூட்டங்களில் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். அந்த வீட்டுக்கு ஆசிரியர் மட்டும் போவதைவிட, அன்பியத்துத் தாய்மார் இரண்டு பேர் சேர்ந்து போனால் கதவு சீக்கிரம் திறக்கும்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கின்றன. முழு ஆண்டுத் தேர்வுக்கு நடுவில் மூன்று மாதம்தான். பங்கு மக்களிடம் எங்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பணமாக எதுவும் வேண்டாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரியில் படிக்கும் இளையோர், வாசிக்கத் தெரிந்த தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறீர்கள். வாரத்தில் மூன்று மாலை, அரை மணி நேரம், ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். அவர்கள் வாசிக்க வேண்டும், நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். திருத்த அவசரப்படாதீர்கள். நடுவில் ஏதாவது கேள்வி கேட்டால் பதில் சொல்லுங்கள். ஒரு கட்டு பிஸ்கட்டும் இருந்தால் நல்லது. இடம் பற்றிக் கவலை இல்லை: பெரும்பாலான பங்குகளில் சமூகக் கூடம் மாலை வேளைகளில் பூட்டியே கிடக்கிறது. சாவி உபதேசியாரிடமோ கோவில்பிள்ளையிடமோ இருக்கும்.