ஆத்மாவும் ஆயிர வருஷ அரசாட்சியும்
(காட்டுப்பள்ளிக் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறை வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செத்தபின் மிச்சமிருப்பது அவ்வளவுதானா, அல்லது ஆத்மா என்று ஒன்று பறந்துபோகிறதா? "ஆத்மா இல்லை என்று நாஸ்திகன்தான் சொல்லுவான்" என்கிறார்கள். அது சரியல்ல. பைபிளைக் கையில் வைத்துக்கொண்டே அப்படிச் சொன்னவர்கள் ஐரோப்பாவில் உண்டு.

இங்கிலாந்தில் ரிச்சர்டு ஓவர்ட்டன் என்பவர் 1643-ம் வருஷத்தைப் போட்டு ஒரு புஸ்தகம் வெளியிட்டார். மனிதன் முழுதுமே சாகிறான், கடைசி நாளில் எழுப்பப்படும்வரை அவனில் ஒன்றும் உயிரோடில்லை என்பது அதன் சாரம். ஆத்மா அழியாது என்பதை மறுத்து எழுதினவர்களைத் தேடும்படி 1644-ல் பார்லிமெண்டு உத்தரவிட்டது. ஏன் இவ்வளவு ஆத்திரம்? சாவுக்கும் எழுப்புதலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையென்றால், உத்தரிக்கிற ஸ்தலம் ஏது? அங்கிருந்து மீட்கப் பூசைக்குப் பணம் ஏன்? அதே கேள்வியை நம் திவசத்திற்கும் பிண்டத்திற்கும் கேட்டால் புரோகிதர் கதி என்ன?

பிராணவாயுவை 1774-ல் பிரித்துக் காட்டிய ஜோசப் பிரீஸ்ட்லி ஒரு பாதிரி. நினைப்பது மூளையின் வேலையே, தனி ஆத்மாவின் வேலையல்ல என்று 1777-ல் எழுதினார். 1791-ல் பர்மிங்ஹாமில் ஒரு கும்பல் அவர் வீட்டையும் சோதனைச் சாலையையும் அழித்தது. அவரேதான் 1794-ல், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டு, பழைய தீர்க்கதரிசனங்கள் நிறைவேறும் காலம் நெருங்கிவிட்டது என்று பிரசங்கம் செய்தார்! காற்றைச் சோதித்த அறிவு தீர்க்கதரிசனத்தைச் சோதிக்கவில்லை.

இது சீமைக் கதை மாத்திரமல்ல. வேலைக்காரராக இங்கிலாந்து போய்ப் பிரீஸ்ட்லி முதலியோர் நூல்களைப் படித்த தமிழர் வில்லியம் ராபர்ட்ஸ், திரித்துவத்தை மறுத்து 1795-ல் சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபை தொடங்கினார். 1813-ல் புரசைவாக்கத்தில் கோயிலும் எழும்பிற்று. ஏழை ஒருவர் தாமே படித்துத் தாமே யோசித்ததன் பலன் அது.

யோசனையை விட்டு நாள் குறித்தவர்கள் கதை வேறு. தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், கிறிஸ்து 1881-ல் வருவார் என்று திருவிதாங்கூரில் பிரசங்கித்தார். வருஷம் போயிற்று, வந்தவர் யாருமில்லை. சபை மட்டும் யுயோமயம் என்ற புதுப்பெயருடன் நடந்தது. கல்கி வருவான், கலி முடியும் என்று காத்திருக்கும் நம்மவர் இவர்களைப் பார்த்துச் சிரிக்க யோக்கியதை உண்டா?

தோழர்களே! நீதி செத்தபின் அல்ல, இந்தப் பூமியிலேயே வரவேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டது நல்லதே. அதற்கு வானத்தைப் பார்த்துக் காத்திருந்ததுதான் தப்பு. பழவேற்காட்டு ஏரியில் யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கிப் பாடு பிரிக்கிறார்களே, அந்த முறையைத் தேவதூதனா வந்து வைத்தான்? மனிதர்கள் கூடிப் பேசி வைத்ததுதானே! அதில் குறையிருந்தால் திருத்தவேண்டியவர்களும் மனிதர்களே. ஆகவே ஆயிர வருஷ அரசாட்சிக்குக் காத்திராமல், ஆயுள் இருக்கும்போதே ஆகவேண்டியதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.