நாம் இல்லாத நாளுக்கு

(பொன்விழா ஆண்டுக் குடும்ப தினத்தில் சங்க உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)





செயலாளர் தம்பி என்னை அழைத்தபோது, "சொத்துத் திட்டமிடல்" என்று தலைப்புக் கொடுத்தார். என்னிடம் சொத்தும் இல்லை, திட்டமும் இல்லை என்றேன். "உங்கள் தங்கச்சியைப் பற்றிச் சொல்லுங்கள் நானா, அது போதும்" என்றார். அதனால்தான் துணிந்து நிற்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன், ஆலிமும் அல்லன். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் ஸ்டோர் பார்த்தவன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் தங்கச்சி பிறந்தாள். நாலு வயதுவரை பேச்சு வரவில்லை. டாக்டர்கள் அறிவுத்திறன் குறைபாடு என்றார்கள். வலிப்பும் இருந்தது. இப்போது அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. அத்தா அவளைக் கல்யாணங்களுக்கு அழைத்துப் போகமாட்டார். எனக்கும் தம்பிக்கும் சம்பந்தம் பேசும்போது யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். இந்தச் சங்கத்தில் டியூஷன் நடந்தது, நோன்புக் கஞ்சி காய்ச்சினோம், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு விளக்கக் கூட்டம் வைத்தோம். ஒரு நிகழ்ச்சிக்கும் என் தங்கச்சி வந்ததில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. நாங்கள்தான் அழைத்து வரவில்லை.

அவளை முழுக்கப் பார்த்துக்கொண்டவர் அம்மா. "எனக்குப் பிறகு அவளை யார் பார்ப்பா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "நாங்க இருக்கோம்மா" என்று நானும் தம்பியும் சொல்வோம். இருபது வருடம் இந்தக் கேள்விக்கு இந்த ஒரே பதில்தான். மனதார சொன்ன பதில், பொய் இல்லை. ஆனால் அதில் ஏற்பாடு என்று ஒன்றுமே இல்லை என்பது 2016-இல்தான் தெரிந்தது.

அந்த வருடம் நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். நான்காம் நாள் மவுத்தாகிவிட்டார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிவூன். அத்தா அதற்கு முன்பே போய்விட்டார். அடக்கம் முடித்து வீட்டுக்கு வந்த இரவு, தங்கச்சிக்கு மாத்திரை கொடுக்க வேண்டும். மேசை இழுப்பறையில் நாலு வகை மாத்திரை. எது காலையில், எது இரவில் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு வழியாகக் கண்டுபிடித்துக் கொடுத்தால் துப்பிவிட்டாள். பழுத்த வாழைப்பழத்தில் பிசைந்து கொடுத்தால்தான் விழுங்குவாள் என்பதை, பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் வந்துதான் சொன்னார். சொந்த நானா எனக்கு அது தெரியவில்லை.

அடுத்தது வீடு. அது வீவக வீடு. எனக்கும் தம்பிக்கும் சொந்தமாக வீவக வீடு இருக்கிறது, ஒருவர் இரண்டு வைத்துக்கொள்ள முடியாது. தங்கச்சி தனியாக இருக்க இயலாது. ஆகவே விற்றோம். பிறந்ததிலிருந்து இருந்த இடம் அவளுக்கு. என் வீட்டுக்கு வந்த பிறகு பல வாரம் சாயங்காலம் ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு லிப்ட் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவாள். "வீட்டுக்குப் போவோம்" என்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது?

இனி பணத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் பலர் இங்கே இருப்பதால் விளக்கமாகவே சொல்கிறேன்.

சிங்கப்பூரில் முஸ்லிம் ஒருவர் மவுத்தானால் அவருடைய சொத்து ஃபராயிளு முறைப்படி பிரியும். ஷரியா நீதிமன்றம் வாரிசுச் சான்றிதழ் கொடுக்கும். எங்களுக்கு இரண்டு மகன், ஒரு மகள் என்ற கணக்கு. இரண்டு, இரண்டு, ஒன்று. ஒரு லட்சம் வெள்ளி என்றால் எங்களுக்கு நாற்பது நாற்பதாயிரம், தங்கச்சிக்கு இருபதாயிரம். குறைபாடு உள்ளவள் என்பதற்காக அவள் பங்கில் ஒரு காசு குறையாது. அது அவளுடைய உரிமை, அல்லாஹ் கொடுத்தது. ஆனால் தேவை அதிகம் என்பதற்காகக் கூடவும் செய்யாது. பங்கு என்பது ஒன்று, பராமரிப்பு என்பது வேறு கடமை. இரண்டையும் நாம் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

சரி, பங்கு வந்தது. அவள் பெயரில் உள்ள கணக்கில் போட்டோம். எடுக்கப் போனால் முடியவில்லை. கணக்குக்கு உரியவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவளுக்குக் கையெழுத்தும் தெரியாது, பணம் என்றால் என்னவென்றும் தெரியாது. நான் நானா என்று சொன்னால் போதாது. வங்கியைக் குறை சொல்லமாட்டேன். அவர்கள் கேட்டது அவளுடைய பாதுகாப்புக்குத்தான். பிள்ளைக்கு 21 வயது நிறைந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அவர் பெரிய மனிதர். பெற்ற தாய்க்கே அவர் சார்பில் முடிவு எடுக்கும் அதிகாரம் தானாக வருவதில்லை. இதை இந்த மண்டபத்தில் உள்ள பலர் இப்போதுதான் கேள்விப்படுகிறீர்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு, 'டெபுட்டி' என்று சொல்கிற பிரதிநிதியாக என்னை நியமிக்கச் செய்தோம். டாக்டர் அறிக்கை, சத்தியக் கடதாசி, தம்பியின் சம்மதம் என்று ஏழு மாதம் ஓடியது. அந்த ஏழு மாதமும் அவள் பணம் அவளுக்கே உதவாமல் கிடந்தது. பிள்ளைக்கு 21 வயது ஆவதற்கு முன்பே இதைச் செய்யலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைக்குப் பெற்றோர் தங்களை டெபுட்டியாக நியமிக்கச் சொல்லி மனுச் செய்யும்போதே, தங்களுக்குப் பிறகு யார் என்பதையும் சேர்த்து உத்தரவு வாங்கலாம். எல்பிஏ பத்திரம் என்பது வேறு. அது சுயபுத்தியோடு இருக்கும் 21 வயது நிறைந்தவர் தனக்காகத் தானே எழுதி வைப்பது. பிள்ளைக்காக நாம் எழுத முடியாது. ஆனால் நமக்காக நாம் எழுதி வைக்க வேண்டும். அம்மா அந்த நாலு நாள் நினைவில்லாமல் கிடந்தபோது அதன் அருமை தெரிந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அந்த நாட்களில் எனக்கும் தம்பிக்கும் மூன்று மாதம் பேச்சில்லை. தங்கச்சி என் வீட்டில் இருக்கிறாள், அவள் பணமும் என் கைக்கு வரப்போகிறது, நானா என்ன செய்வாரோ என்று அவனுக்கு ஓர் எண்ணம். பாரத்தை என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டானே என்று எனக்கு. இருவரும் கெட்டவர்கள் இல்லை. அவன்தான் சென்ற வருடம் என் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவன்.

எங்களைச் சேர்த்து வைத்தது ஒரு மூன்றாம் ஆள். ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் கம்பெனி என்று 2008-இல் தொடங்கிய, லாப நோக்கம் இல்லாத நிறுவனம். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் ஆதரவில் நடக்கிறது. ஆரம்பத்தில் 5,000 வெள்ளி போட்டு ஒரு டிரஸ்ட் தொடங்கலாம். பணத்தைப் பொது அறங்காவலர் பார்த்துக்கொள்வார், போட்ட முதலுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் உண்டு. கட்டணத்தில் பெரும்பகுதிக்கு மானியம் கிடைக்கும். மாதம் எவ்வளவு, எதற்கு, யார் கையில் என்று பராமரிப்புத் திட்டம் எழுதுவார்கள். அதன்படியே பணம் வரும். நானும் தம்பியும் எங்கள் பங்கிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து அதில் போட்டோம். இப்போது எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று இருவருக்கும் தெரியும். சந்தேகத்துக்கு இடமே இல்லை. உறவுக்காரர்கள் ஏமாற்றுவார்கள் என்பதற்காக டிரஸ்ட் வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. நல்லவர்கள் நல்லவர்களாகவே இருப்பதற்கு அது வேண்டும்.

பெற்றோர் உயிரோடு இருக்கும்போது கொடுப்பது ஹிபா, அன்பளிப்பு. மவுத்துக்குப் பிறகு போவது ஃபராயிளு. வசியத்து எழுதலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வாரிசுக்கே எழுதினால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். ஆகவே இந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகச் செய்ய நினைப்பவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கொடுக்கலாமா என்று நான் ஓர் ஆலிமிடம் கேட்டேன். தேவை இருக்கும்போது கொடுக்கலாம், மற்றப் பிள்ளைகளை உட்காரவைத்துக் காரணம் சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்றார். உங்கள் ஆலிமிடம் நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மத்திய சேமநிதிப் பணத்துக்கு வேறு வழி. நியமனம் செய்யாமல் விட்டால் அது பொது அறங்காவலரிடம் போய், வாரிசுச் சான்றிதழ்ப்படிதான் பிரியும். நியமனம் செய்தால் அது ஹிபாவாகச் செல்லுபடியாகும் என்று முயிஸ் ஃபத்வாக் குழு 2010-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்கு முன்பிருந்த பழைய ஃபத்வாவையே மனதில் வைத்துக்கொண்டு, "நமக்கு நியமனம் செல்லாது" என்று இன்னும் சொல்லும் பெரியவர்கள் நம்மில் இருக்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு மொத்தமாகக் கொடுக்காமல் மாதாமாதம், குறைந்தது 250 வெள்ளி வீதம், சேமநிதியிலிருந்து போகும்படி செய்யும் சேமிப்புத் திட்டமும் இருக்கிறது. டிரஸ்ட் கம்பெனியிலேயே கேட்கலாம்.

பணிப்பெண் வைத்திருந்தால் தீர்வையில் சலுகை உண்டு, மாதம் 60 வெள்ளிதான். பராமரிப்பவருக்கு மானியம் உண்டு. 1980-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முப்பது வயதிலிருந்து கேர்ஷீல்டு லைஃப் உண்டு, ஏற்கெனவே குறைபாடு இருந்தாலும் ஒதுக்கமாட்டார்கள். எஸ்ஜி எனேபிளில் விசாரியுங்கள். வெட்கப்பட்டால் ஒன்றும் நடக்காது.

இப்போது அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. "நாங்க இருக்கோம்மா" என்று நானும் தம்பியும் சொன்னோமே, அப்போது என் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தங்கச்சியைக் குளிப்பாட்டுவது அவர்கள். மாதவிலக்கு நாட்களில் பார்ப்பது அவர்கள். இரவில் வலிப்பு வந்தால் முதலில் எழுவதும் அவர்கள்தான். நான் வாக்குக் கொடுத்தேன், அவர்கள் நிறைவேற்றுகிறார்கள். நம் குடும்பங்களில் பராமரிப்புத் திட்டம் என்றால் பாதி நேரம் அது கேட்கப்படாத ஒரு மருமகள்தான். எங்களுக்கு இரண்டு மகள்கள். அத்தையை நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்களால் எது முடியும், எது முடியாது என்று கேட்டேன். மூத்தவள், "கணக்கு வழக்கு நான் பாக்குறேன் அத்தா, ஆனா என் வீட்டுல வச்சுக்க முடியாது" என்றாள். கேட்க வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேர்மையான பதிலை வைத்துத்தான் விடுதி, பகல்நேர நிலையம் என்று இப்போதே பார்த்து வைக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் அவள் பகல்நேர நிலையத்துக்குப் போகிறாள். அங்கே அவளுக்கு இரண்டு தோழிகள் இருக்கிறார்கள். நாற்பத்திரண்டு வயதில் கிடைத்த முதல் தோழிகள்.

கடைசியாக இந்த நோட்டுப் புத்தகம். என் மனைவியும் மக்சிக்கும் சொல்லச் சொல்ல என் இளைய மகள் எழுதியது. மாத்திரை பெயரும் நேரமும், வாழைப்பழ விஷயமும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள், இழுக்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து ஸலவாத்து ஓதினால் தானே வருவாள். இறால் ஒத்துக்கொள்ளாது. மஃரிபுக்கு அம்மாவின் தொழுகைப்பாயை விரித்து வைத்தால் அமைதியாக இருப்பாள். முப்பத்தெட்டுப் பக்கம் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறோம். ஐந்து காசு செலவில்லை. இதை மட்டும் இன்றிரவே தொடங்கிவிடலாம்.

நகல் பத்து எடுத்து வந்திருக்கிறேன். லுஹருக்குப் பிறகு வாசல் பக்க மேசையில் இருப்பேன், கேட்க நினைப்பவர்கள் வாருங்கள். தனியாகப் பேச வேண்டுமென்றால் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள், நானே அழைக்கிறேன்.

என் தங்கச்சியும் வந்திருக்கிறாள். மூன்றாவது வரிசையில் மஞ்சள் தலைமுக்காடு. பிரியாணி எப்போது என்று இதோடு நாலு தடவை கை காட்டிவிட்டாள். அவளை இதற்கு மேல் காக்க வைக்க என்னால் முடியாது. வஸ்ஸலாம்.