துரைமாரின் துணை எதுவரை?

(வெலிமடைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளும் உரிமை கோரிய வழக்கு 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. ஆப்பிள், கூகிள் உள்ளிட்ட 379 முதலாளிகளும் அவர்தம் சங்கங்களும் ஆதரவு மனு அளித்தனர். மாநிலத்துக்கொரு சட்டம் இருந்தால் நிருவாகச் சுமை மிகும், திறமையாளரைச் சேர்ப்பது அரிது என்று வாதிட்டனர். ஜூன் 26-இல் உரிமை வென்றது. மகிழ்ச்சியே!

ஆயினும், இலாபக் கணக்கு நீதியின் பக்கம் சாயாத நாளில் கம்பனி எங்கே நிற்கும்? வெலிமடையில் நிற்கும் நமக்கா அது தெரியாது? 1700 ரூபா நாட்சம்பள வர்த்தமானியை எதிர்த்து 2024-இல் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் ஏறி, இடைக்காலத் தடையும் பெற்றனவே!

இந்நாட்டிலோ, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை, 365, 365அ பிரிவுகளால் அவ்வுறவையே குற்றமாக்கியது. அதனைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023-இல் உயர் நீதிமன்றம் உரைத்தது. மணவுரிமை பேசுமுன், குற்றவாளி என்னும் முத்திரை அழியவேண்டும்.

லயங்களில் பிறந்த நம் பிள்ளைகளிலும் அத்தகையோர் உண்டு. அவர்களுக்காகக் குரல் எழுப்பவேண்டியது கம்பனியன்று, தோழர்களே; நம் தொழிற்சங்கம்! இலாபத்தோடு வந்த துணை இலாபத்தோடு போய்விடும். நம் துணை போகலாகாது.