சிம்ப்யூட்டர்: பாத்திரமும் ரஸமும்

(பெங்களூர்க் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் அகத்துப் பிள்ளைகளில் ஒருவன் ஹார்ட்வேர், இன்னொருவன் ஸாஃப்ட்வேர் என்று சொல்லிக்கொள்கிறோம். கையில் பிடிக்கும் சாதனங்களில் அந்தப் பாகப்பிரிவினை செல்லாது. மாமிகளுக்கு இது சுலபமாகப் புரியும். ஈயச்சொம்பைக் காலியாக அடுப்பில் வைத்தால் உருகிவிடும். புளி ஜலத்தோடுதான் வைக்க வேண்டும்.

இதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. இங்கே பலர் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்லும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, ஸ்வாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், என்கோர் ஸாஃப்ட்வேர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டே குழுவினரும் 1999ல் ஒரு டிரஸ்ட் அமைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து ஜனங்களுக்கும் உதவும் கைக் கம்ப்யூட்டர், சுமார் 9000 ரூபாயில். இதுதான் எண்ணம். 2001ல் மாதிரி வந்தது. பெயர் சிம்ப்யூட்டர்.

யாருக்கு என்று முதலில் தீர்மானித்துவிட்டதால் கீபோர்டு போயிற்று. திரையைத் தொட்டால் போதும். படிக்கத் தெரியாதவருக்குக் கருவியே ஹிந்தி, கன்னடம், தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். உள்ளே இருந்த ஸ்ட்ராங்ஆர்ம் சிப்போ பாட்டரியை மிச்சம் பிடிக்கும், ஆனால் தசமக் கணக்குக்கென்று தனிப் பகுதி இல்லாதது. பெரிய கணக்குப் போட்டுக் குரலை உண்டாக்க அதற்குத் தெம்பு கிடையாது. பதிவு செய்த சின்னச் சின்ன ஒலித் துண்டுகளைக் கோத்துப் பேசவைப்பதே அதற்குத் தோது.

எனக்கு மிகவும் பிடித்தது ஸ்மார்ட் கார்டு. ஒரு குடும்பத்தால் வாங்க முடியாதா, கிராமத்துக்கே ஒன்று இருக்கட்டும், அவரவர் விவரம் அவரவர் கார்டில் இருக்கட்டும் என்றார்கள். கார்டு செருகும் இடம் ஹார்ட்வேர். வந்திருப்பவர் இன்னார் என்று புரிந்துகொள்வது ஸாஃப்ட்வேர். இரண்டில் ஒன்று மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்?

2004ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த அமிடா சிம்ப்யூட்டரில் அசைவை உணரும் சிப்பும் உண்டு. கருவியைச் சாய்த்தால் பக்கம் திரும்பும். ஐஃபோன் வந்தது 2007ல்தான்!

விற்றதென்னவோ சில ஆயிரம்தான். விலை 10,000 ரூபாயை ஒட்டி ஆரம்பித்தது. அதற்குள் செல்ஃபோன் மலிந்துவிட்டது. வடிவமைப்பே தப்பு என்பாரோடு எனக்குச் சம்மதமில்லை. செல்ஃபோனில் பேசினால் எதிர்முனையில் ஒரு மனிதர் இருந்தார். சிம்ப்யூட்டருக்குப் பதில் சொல்லக் கிராம அலுவலகமோ பாங்க்கோ அன்று தயாராக இல்லை.

இஞ்சினியர் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்யும் கருவியை உங்கள் பாட்டி கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ குறித்துக்கொள்ளுங்கள். அது சர்க்யூட்காரர் வேலையா, புரோகிராம்காரர் வேலையா என்பதை மறுநாள் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.