குமரிக் கரையிலிருந்து கொல்கத்தா வரை

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளில் பணிபுரியும் தமிழராகிய நமக்குக் கோயம்புத்தூர், வாளையாற்றுக்கு அப்பால் உள்ள அண்டை ஊர். அங்குள்ள நேரு விளையாட்டரங்கைச் சென்னை சிட்டி கால்பந்து அணி, 2017-18 ஐ-லீக் பருவத்தில் தன் சொந்த ஆடுகளமாகக் கொண்டது. அவ்வணியில் இடப்புற ஓரமாகப் பந்தைக் கடத்திச் சென்ற இளைஞர் மைக்கேல் சூசைராஜ்; குமரி மாவட்டத்து மீனவர் கிராமமாகிய இரவிபுத்தன்துறையில் 1994-இல் பிறந்தவர்.

ஓர ஆட்டக்காரருக்கு இடம் குறுகியது. ஒருபுறம் எல்லைக்கோடு, மறுபுறம் எதிரணியின் காவலர். விரைவும் நிதானமும் அவருக்கு ஒருங்கே வேண்டும். அத்திறமையே அவரை 2018-இல் ஜாம்ஷெட்பூருக்கும், 2019-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் அழைத்துச் சென்றது. அவ்வாண்டே இந்திய அணியிலும் ஆடினார்.

2020 மார்ச் 14 அன்று கோவாவில் நடந்த ஐ.எஸ்.எல். இறுதியாட்டத்தில் அவர் சார்ந்த ஏ.டி.கே. 3-1 என வாகை சூடியது. தோற்றதோ சென்னையின் அணி! தமிழராகிய நாம் யாருக்காக மகிழ்வது?

பிழைக்கச் சென்ற ஊருக்கு உண்மையாக உழைப்பது, பிறந்த மண்ணுக்கு இழைக்கும் துரோகம் ஆகாது. நாள்தோறும் ஆலைச் சங்கொலி கேட்டு எழும் நாம் இதனை அறிவோம். ஆகவே, சென்னையின் தோல்விக்கு வருந்துவோம். சூசைராஜின் வெற்றிக்கு மகிழ்வோம்.